மலைத்தோட்டப் பாட்டும் கித்தாரும்: பண்ணைப்புரம் இளையராஜாவின் இசைவாழ்வு பற்றிய ஒரு திறனாய்வு

முத்தமிழுள் இயற்றமிழ் பெற்ற ஆராய்ச்சி மிகுதி; இசைத்தமிழ் பெற்றது அதனிற் குறைவு; இசைத்தமிழினுள்ளும், உழைக்கும் மக்கள் வாயிற் பிறந்த பாட்டுப் பெற்ற ஆராய்ச்சி அதனினும் குறைவு. பண்ணத்தி என்னும் ஒரு வகையைத் தொல்காப்பியர் செய்யுளியலில் எடுத்தோதினார். வள்ளைப்பாட்டையும் அம்மானையையும் ஊசலையும் இளங்கோவடிகள் தம் காப்பியத்துள் ஏற்றுப் போற்றினார். ஆயினும் பிற்கால அறிஞர் பலர் அவற்றை இலக்கிய வகையாகக் கண்ட அளவிற்கு, உழைப்பின் இசையாகக் காணவில்லை. இக்குறையால் விளையும் ஒரு பிழையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்ணைப்புரத்து இளையராஜாவின் இசையைப் பற்றிப் பேசுவோர் இரு சாரார். அவர் மண்ணின் இசையை அவ்வாறே எடுத்துத் தந்தவர் என்பர் ஒரு சாரார். மேலைச் செவ்விசையைக் கற்றுத் தமிழ்த் திரையிற் புகுத்தியவர் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் அவர் பிறந்த ஊரைச் சான்று காட்டுவர். பின்னவர் அவர் எழுதிய தேர்வைச் சான்று காட்டுவர். இவ்விரு கூற்றும் அவர்தம் வாழ்வின் இரு முனைகளைப் பற்றியனவேயன்றி, இடைப்பட்ட வழியைப் பற்றியன அல்ல. அவ்வழியில் இரண்டு படிகள் உள. ஒன்று, தமையனார் பாவலர் வரதராஜனின் மேடை; மற்றொன்று, கித்தார். இவ்விரண்டையும் விடுத்து அவர் இசையை மதிப்பிடுதல், ஆற்றின் தலையையும் கடைமுகத்தையும் மட்டும் கண்டு ஆற்றை அளத்தல் போல்வதாம்.

இவ்வாய்விற்கு ஒப்புநோக்குத் துணையாக, அமெரிக்க நாட்டின் தென்பகுதித் தோட்டங்களிற் பிறந்த புளூஸ் இசையை எடுத்துக்கொள்கிறோம். அதுவும் தோட்டத் தொழிலாளரின் துயரிற் பிறந்தது. அதுவும் கித்தாரைத் தன் கருவியாகக் கொண்டது. இரண்டும் ஒன்றே என நிறுவுதல் எம் கருத்தன்று. ஒத்த நிலத்திற் பிறந்த இரண்டு இசைகள் ஏன் வேறு வேறு வழியிற் சென்றன என்பதே எம் வினா.

புளூஸின் இயல்பு

அமெரிக்காவில் அடிமை முறை 1865 இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் மிசிசிப்பி முதலிய மாநிலங்களிற் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்கள் விடுதலை பெற்றும் வறுமையினின்று விடுபட்டிலர். விளைச்சலிற் பங்கு என்னும் பெயரால் நிலக்கிழாரிடம் கடன்பட்டு, அக்கடன் தீராமையால் அந்நிலத்திலேயே கட்டுண்டு கிடந்தனர். வயலில் ஒருவன் முன்பாடப் பலர் பின்பாடிய தொழிற்பாட்டும், தனித்து உழைப்போன் எழுப்பிய கூவலும், கோயிற்பாட்டும் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் புளூஸ் உருப்பெற்றது. 1912 இல் டபிள்யூ. சி. ஹேண்டி வெளியிட்ட அச்சிசை அதன் பெயரை நாடறியச் செய்தது. 1920 இல் மேமி ஸ்மித் என்னும் பாடகியின் இசைத்தட்டுப் பெருந்தொகையில் விற்றபின், அது வாணிகப் பொருளும் ஆயிற்று.

அதன் பெருவழக்கான வடிவம் எளியது. முதலடி ஒரு செய்தியைக் கூறும். இரண்டாமடி அதனையே மீளக் கூறும். மூன்றாமடி அதற்கு முடிவு கூறும். ஒவ்வோரடிக்கும் நான்கு தாளக்கூறாகப் பன்னிரண்டு கூறுகளில் ஒரு சுற்று முடியும். இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பாடுவோன் குரல் ஏறத்தாழ இரண்டு கூறுகளிலேயே அடியை முடித்துவிடும். எஞ்சிய இடத்தைக் கித்தார் நிரப்பும். வயலிற் பலர் கூடிப் பின்பாடிய இடத்தில், இங்கே ஒரு கருவி நின்று விடை கூறுகிறது. கூட்டத்தினின்று பிரிந்து வந்த ஒருவன், தன் கூட்டத்தையே கருவியாக்கித் தோளில் மாட்டிக்கொண்டான் என்று கூறின் அது மிகையாகாது.

பி. பி. கிங் என்னும் புகழ்பெற்ற கித்தார்க் கலைஞரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1925 இல் மிசிசிப்பி மாநிலத்துத் தோட்டமொன்றிற் பிறந்த அவர், பருத்தி பறித்தும் உழுபொறி ஓட்டியும் வாழ்ந்தவர். 1940 களின் இறுதியில் மெம்பிசு நகர்க்குச் சென்று வானொலியிற் பாடிப் புகழ் பெற்றார். பாடும்போது கித்தாரை மீட்டாமலும், மீட்டும்போது பாடாமலும் மாறி மாறி இசைப்பது அவர் முறை. குரல் நிற்குமிடத்திற் கித்தார் பேசும். அது நிற்குமிடத்திற் குரல் எழும். தம் கித்தாருக்கு லூசில் எனப் பெண்பெயர் இட்டு அழைத்த அவர், 2015 இல் மறையும் வரை மேடையை விட்டு நீங்காது அறுபது ஆண்டுகட்கு மேலாக இசைத்தார். இத்தகையோரை நம் பாணர் மரபோடு ஒப்பிடல் தகும். ஊர்விட்டு ஊர் சென்ற பாணனும் சீறியாழைத் தன்னிற் பிரியாது சுமந்தவனே. ஆயினும் பாணன் பாடியது புரவலன் புகழ். புளூஸ் பாடியவன் பாடியது தன் துயர். இவ்வேறுபாடு மறக்கத்தக்கதன்று.

இடமும் உழைப்பும்

இனி நம் நிலத்திற்கு வருவோம். போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த ஊர். மேற்கே போடிமெட்டு வழியாக மலையேறினால் கேரளத்தின் ஏலமலைகளை அடையலாம். ஏலக்காயும் இலவம்பஞ்சும் இவ்வூர் வாணிகத்தின் இரு கண்கள். மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை 1928 இல் வந்தது. மூணாற்றுத் தேயிலை மலையுச்சியினின்று கொட்டகுடிக்குக் கம்பிவடத்தின் வழியே இறங்கிப் போடியை அடைந்த காலமும் உண்டு. 2010 இன் இறுதியில் அகலப்பாதை அமைத்தற்பொருட்டு நிறுத்தப்பட்ட தொடர்வண்டி, 2023 இல் மீண்டும் போடியை அடைந்தது. பண்டம் மலையினின்று இறங்கியது. மக்கள் மலைக்கு ஏறினர். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து தோட்டவேலைக்குச் செல்வோர் வழக்கம் இன்றும் நிற்கிறது. விடியலில் வண்டிகளில் மலையேறி மாலையில் இறங்குவோர் பலர். போடிக்குத் தெற்கே, இம்மலையடியை ஒட்டிக் கிடப்பது பண்ணைப்புரம்.

தோட்டங்களில் ஆள்சேர்த்தவரும் வேலை வாங்கியவரும் கங்காணிகள். முன்பணம் கொடுத்து ஆளை அழைத்துச் செல்லுதலும், அம்முன்பணம் கடனாய் நின்று ஆளைக் கட்டுதலும் தென்னாட்டு மலைகளிலும் ஈழத்து மலையகத்திலும் ஒருங்கே நிகழ்ந்தன. மிசிசிப்பித் தோட்டக் கடனுக்கும் இதற்கும் சட்டத்தில் வேற்றுமை உண்டு. நிறவேற்றுமையின் கொடுமை அந்நாட்டிற்கே உரியது. ஆயினும் கடனே விலங்காய் நின்ற நிலை இரண்டிடத்தும் ஒன்று.

உழைப்பின் முறை பாட்டின் முறையை வகுக்கும் என்பதை ஈண்டுக் கருதல் வேண்டும். ஏலச்செடியின் காய்க்கொத்து, செடியின் அடியினின்று கிளைத்துத் தரையை ஒட்டிப் படரும். ஆதலின் காயெடுக்கும் பெண்டிர் செடியடியிற் குனிந்தும் குந்தியும் கையால் ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தல் வேண்டும். மேலே உயர்ந்த நிழல்மரங்கள். பக்கத்தே ஆளுயரச் செடிகள். ஒருத்தி மற்றொருத்தியைக் காணுதல் அரிது. குரலாலேயே அறிதல் வேண்டும். நாற்றுநடவில் வரிசையும், சுண்ணம் இடித்தலில் உலக்கையும் தாளம் தருவன. ஏலக்காட்டிலோ உடலசைவு தாளம் தருவதன்று. ஆதலின் இங்கு எழும் பாட்டு, தாளக்கட்டினும் நீட்டலையும் விளித்தலையும் சார்ந்ததாதல் இயல்பு எனக் கருதலாம். மலைபடுகடாம் மலையின் ஓசைகளை வகுத்துக் கூறும் பகுதியில், புலி பாய்ந்த தம் கணவர் புண்ணை ஆற்றுதற்குக் கொடிச்சியர் பாடும் பாட்டையும் ஓர் ஓசையாக எண்ணியது. துயரும் வேலையும் பாட்டும் பிரியாது நிற்கும் மலைவாழ்வை அப்புலவர் நன்குணர்ந்தார் என்க.

புலம்பும் ஒப்பாரியும்

தொல்காப்பிய உரியியலிற் புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என்பது பொருளாகக் கூறப்பட்டது. பிற்காலத்தில் அச்சொல் அழுது கூறலைக் குறித்தது. தனிமையே புலம்பலாயிற்று என்பது இப்பொருள்மாற்றத்தாற் போதரும். புளூஸ் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டின், புலம்பு என்னும் இப்பழஞ்சொல்லே மிகப் பொருந்தும். அது தனித்தவன் பாட்டு. நான் என்னும் தன்மைச் சொல்லே அதன் தலைவாயில்.

நம் நாட்டுத் துயர்ப்பாட்டோ பெரும்பாலும் தனித்தவர் பாட்டன்று. ஒப்பாரி என்பது இறந்தாரை ஒப்புக் கூறி அழுதலாம். பெண்டிர் கூடித் தோளோடு தோள் சேர்த்துக் கட்டியழுவர். ஒருத்தியின் இழவில் மற்றொருத்தி தன் பழைய இழவையும் சேர்த்து அழுவாள். ஈழத்து மலையகப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும், தமிழகத்து நாட்டுப்பாடல்களைத் தொகுத்த நா. வானமாமலையின் பணியும் நமக்குக் காட்டுவது, இப்பாடல்களின் துயர் உறவுமுறைகளின் வழியே வெளிப்படுவது என்பதை. அண்ணனையோ மாமனையோ தாயையோ விளித்தே துயர் கூறப்படும். கேட்போர் இன்றிப் பாட்டு இல்லை. ஆதலின் விடை கூறுதற்கு ஒரு கருவி இங்கே வேண்டப்படவில்லை. விடை கூறுவோர் அருகிலேயே இருந்தனர்.

மிசிசிப்பியின் தொழிலாளி தனியனாய்த் தொடர்வண்டி ஏறி நகரத்திற்குச் சென்றான். மட்டி வாட்டர்ஸ் என்னும் கலைஞர் 1943 இல் தோட்டத்தை விட்டுச் சிக்காகோவிற்குச் சென்று மின்கித்தாரை எடுத்தது இவ்வழியிலேயே. நம் மலைத்தொழிலாளரோ குடும்பமாக ஏறினர், குடும்பமாக வாழ்ந்தனர். தனியன் கையிற் கித்தார் அமைந்தது. குடும்பத்தின் நடுவில் ஒப்பாரியும் தாலாட்டும் நிலைத்தன. இரண்டிசைகளும் பிரிந்த இடம் இதுவென்பது எம் துணிபு.

பாவலர் மேடை

இளையராஜா 1943 இல் பிறந்தவர். தாயார் சின்னத்தாயம்மாளின் பாட்டே தம் முதலிசை என அவர் பலகாலும் கூறியுள்ளார். பதினான்காம் அகவையில் தமையனாரின் இசைக்குழுவிற் சேர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் தென்னாடு முழுதும் சுற்றினார். அக்குழு பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளிற் பாடியது. கேரளத்தில் 1957 இல் அமைந்த பொதுவுடைமை அமைச்சரவையின் காலத்தில், 1958 இல் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அத்தொகுதியில் வாக்காளராய் இருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசு வெற்றி பெற்றார். அவ்வெற்றியிற் பாவலரின் பாட்டிற்குப் பங்குண்டு என்று பலரும் எழுதியுள்ளனர்.

பாவலர் செய்தது யாது? மக்கள் அறிந்த திரைமெட்டுக்கும் நாட்டுமெட்டுக்கும் புதிய சொற்களைப் புனைந்து பாடினார். இதனை எளிய செயல் என எண்ணற்க. தோட்டப்பாட்டிலே துயர் உறவை நோக்கி விளிக்கப்பட்டது. பாவலர் பாட்டில் அது கூலியையும் அதிகாரத்தையும் நோக்கித் திருப்பப்பட்டது. கேட்போர் கூட்டம் அழுது அமைவதற்கு மாறாக, வினவத் தொடங்கிற்று. ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து ஊர்தோறும் பாடிய அவர், பழைய பாணனையும் புதிய கட்சிப் பேச்சாளனையும் ஒருங்கே தம்முள் கொண்டவர்.

இம்மேடை இளையராஜாவிற்குத் தந்த பயிற்சி இரண்டு. ஒரு மெட்டின் உயிர் எவ்விடத்தில் உள்ளது, எச்சொல்லை மாற்றினாலும் கெடாது நிற்பது எது என்பதை அவர் நாள்தோறும் கண்டார். களைத்த கூட்டத்தை முதல் சில நொடிகளிற் பிடித்து நிறுத்தும் வழியையும் அங்கேயே அறிந்தார். பிற்காலத்தில் அவர்தம் பாடல்களின் முன்னிசை கேட்போரை உடனே ஈர்க்கும் திறனுடையதாய் அமைந்தமைக்கு இம்மேடையே பள்ளி. மண்ணின் இசையை அவர் தாய்மடியிலிருந்து நேரே திரைக்கு எடுத்துச் சென்றார் என்போர், இப்பத்தாண்டுப் பள்ளியை மறந்தவராவர்.

கித்தார்க் கல்வி

1960 களின் இறுதியில் உடன்பிறந்தாருடன் சென்னையை அடைந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசையைக் கற்றார். இசையைக் குறியீட்டால் எழுதவும் படிக்கவும் ஆங்குப் பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியற் கித்தார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றுத் தேறினார். சலில் சவுதுரி முதலியோரின் இசைக்குழுக்களிற் கித்தாரும் பிற கருவிகளும் இசைத்தார். கன்னடத் திரையிற் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் அமர்ந்தார்.

புளூஸ் கலைஞர் கித்தார் கற்ற முறையும் இவர் கற்ற முறையும் முற்றிலும் வேறு. சுவரில் ஒரு கம்பியை அறைந்து, கண்ணாடிப் புட்டியால் அழுத்தி மீட்டிப் பழகிய சிறுவர் பலர் மிசிசிப்பியிற் கலைஞராயினர். அவர்க்கு ஏடு இல்லை, காதே ஆசான். சுரங்களின் இடைவெளியில் வழுக்கி நிற்கும் ஒலியே அவர்தம் செல்வம். நம் கமகத்தோடு அதனை ஒப்பிடுவோர் உளர். ஒப்புமையும் ஒருபால் உண்டு. இளையராஜா கற்ற செவ்வியற் கித்தாரோ விரலால் மீட்டப்படுவது. கட்டைவிரல் தாழ்ந்த ஒலியையும், ஏனை விரல்கள் மேலொலியையும் ஒரே நேரத்தில் இசைக்கும். ஒரு கருவியில் இரண்டு மூன்று குரல்கள் தனித்தனியே நடக்கும்.

எம் திறனாய்வின் நடுநாயகமான கருத்து இது: இளையராஜாவின் இசையமைப்பிற் சிறந்த கூறாக எடுத்தோதத்தக்க பலகுரலியைபு, அவர்தம் கித்தார்க் கல்வியின் நேர்விளைவு. அவர் பாடல்களில் தாழ்கித்தாரின் ஒலி, தாளத்திற்கு ஊன்றுகோலாய் மட்டும் நில்லாது, தனக்கென ஒரு மெட்டோடு நடந்து செல்லும். மேலே குரல் ஒரு வழியிலும், கீழே அவ்வொலி வேறு வழியிலும் சென்று ஓரிடத்தில் கூடும். இது கட்டைவிரலும் ஏனை விரல்களும் ஒரு கித்தாரிற் செய்யும் வேலையைப் பல கருவிகளுக்குப் பங்கிட்டு அளித்தலாம். அரங்கேற்று காதையில் ஒரு கருவியை அடுத்து மற்றொரு கருவி தொடர்ந்து இயையும் முறையை இளங்கோவடிகள் விரித்தார். அது ஒன்றன்வழி ஒன்று நிற்கும் இயைபு. இளையராஜாவிடம் காண்பது ஒன்றினின்று ஒன்று பிரிந்து நின்றும் இயையும் இயைபு. தமிழ் மெட்டிற்கு இது புதியது.

திரையிசையிற் கித்தார்

1976 இல் வெளிவந்த அன்னக்கிளி அவர்க்குத் தமிழ்நாடு முழுதும் புகழ் தந்தது. எஸ். ஜானகியின் குரலில் ஒலித்த அப்படத்துப் பாடல்கள் சிற்றூர் மெட்டின் சாயலின. 1977 இல் தேனிப் பகுதியினரான பாரதிராஜாவின் 16 வயதினிலே அதனைத் தொடர்ந்தது. அக்காலத் திறனாய்வாளர் பலர் மண்மணம் என்னும் சொல்லை வழங்கத் தொடங்கியமைக்கு இப்படங்களே அடிப்படை.

கித்தாரின் வளர்ச்சியைக் காண விழைவோர் வேறு பாடல்களை நோக்குதல் வேண்டும். அவரது நூறாவது படமான மூடுபனியில் (1980) கே. ஜே. ஜேசுதாஸ் பாடிய பாடலின் காட்சியிற் கித்தாரே பாத்திரத்தின் துணை. பயணங்கள் முடிவதில்லை (1982) படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய நிலாப்பாடலில், கித்தார் விரைந்த விரலோட்டத்தால் பாட்டின் ஒரு பாதியாகவே நிற்கிறது. குரல் ஓய்ந்த இடத்தில் அது விடை கூறுகிறது. குரலின் கீழும் ஓயாது ஓடுகிறது. புளூஸ் கலைஞன் குரலுக்கும் கருவிக்கும் வகுத்த உரையாடல் இங்கே வேறு வடிவில் தோன்றுகிறது எனலாம். பன்னிரண்டு கூற்றமைப்போ புளூஸின் சுரநிலையோ இங்கில்லை. வினாவும் விடையுமாகிய அடிப்படை மட்டும் ஒன்று.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து காணல் வேண்டும். அந்நிலாப்பாடலிற் கித்தாரை மீட்டியவர் இளையராஜா அல்லர், ஆர். சந்திரசேகர் என்னும் கலைஞர். கித்தார்க் கலைஞராய்ச் சென்னையில் வாழ்வு தொடங்கிய ஒருவர், இசையமைப்பாளரானபின் தம் விரலைத் தாளிற்கு மாற்றினார். ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தாமே குறியீட்டால் எழுதி அளித்தார். பி. பி. கிங்கின் கையும் குரலும் துயரும் ஒருவனுடையன. இங்கோ மெட்டு ஒருவரது, சொல் ஒருவரது, குரல் ஒருவரது, கித்தார் மற்றொருவரது. நம் நிலத்துப் பாட்டு முதலிலேயே கூட்டத்தின் பாட்டாதலின், அது திரையில் மீண்டும் ஒரு கூட்டத்தின் வழியே வெளிப்பட்டது பொருத்தமே. 1986 இல் தியாகராசரையும் பாக்கையும் போற்றி அமைத்த இசைத்தொகுப்பும், 2025 மார்ச்சு 8 இல் இலண்டனில் அரங்கேறிய அவரது சிம்பொனியும் இவ்வழியின் தொடர்ச்சியே. தனியன் இசையை நாடாது பலர் இயைந்த இசையை நாடியதே அவர் வாழ்வின் போக்கு.

ஊதியம் இது, இழப்பும் ஒன்றுண்டு. திரைப்பாட்டிற் சிற்றூர் மெட்டு வாழ்ந்தது. அம்மெட்டைப் பாடவைத்த வேலை வாழவில்லை. நடவும் களையும் காயெடுப்பும் காதலின் பின்னணிக் காட்சிகளாயின. கங்காணி பாட்டினின்று மறைந்தான், கடன் மறைந்தது, பாவலர் மேடையில் எழுந்த வினாவும் பெரிதும் மறைந்தது. பாவலர் பெயரால் அமைந்த படநிறுவனம் 1981 இல் அலைகள் ஓய்வதில்லை படத்தை வெளியிட்டது. பெயர் நிலைத்தது, பாவலர் பாடிய பொருள் அப்பெயரோடு வரவில்லை. இதற்கு இசையமைப்பாளரைக் குறைகூறல் முறையன்று. கதையும் களமும் பிறர் வகுக்க, மெட்டு அமைப்பதே அவர் தொழில். எனினும் திறனாய்வாளன் இழப்பைக் கணக்கிடாது ஊதியத்தை மட்டும் கணக்கிடுதல் முறையாகாது.

மறுப்பும் விடையும்

மெட்டு வாழ்ந்தமையே போதும். சொல் மாறுதல் நாட்டுப்பாட்டின் இயல்பு. பாவலரே பழைய மெட்டிற்குப் புதுச்சொல் புனைந்தாரன்றோ என்று வினவுவார் உளர். வினா தக்கதே. சொல் மாறுதல் நாட்டுப்பாட்டின் இயல்பு என்பதை யாமும் உடன்படுகிறோம். ஆயினும் நாட்டுப்பாட்டிற் சொல்லை மாற்றுபவர் அதனைப் பாடுபவரே. பாவலரும் தம் கேட்போர் நடுவில் நின்று, அவர்தம் வாழ்வையே பொருளாகக் கொண்டு மாற்றினார். திரையில் மாற்றம் தொலைவில் நிகழ்கிறது. கேட்போர்க்கு அதிற் கையில்லை. அதனினும் பெரிது பின்விளைவு. திரைப்பாட்டு வானொலி வழியே மீண்டும் மலைக்கு ஏறியபோது, தோட்டத்துப் பெண்டிர் தம் பழம்பாட்டை விடுத்து அதனையே பாடும் நிலை எளிதில் உண்டாகும். நகல் மூலத்தின் இடத்தைக் கொண்டுவிடும்.

புளூஸும் இசைத்தட்டு வாணிகத்தால் மாறியதன்றோ எனின், மாறியது உண்மை. ஆயினும் ஆங்கு வேறொன்றும் நிகழ்ந்தது. 1941 இல் பிஸ்க் பல்கலைக்கழகத்து ஜான் வொர்க்கும், அமெரிக்கப் பேராய நூலகத்தின் ஆலன் லோமாக்சும் மிசிசிப்பித் தோட்டங்களுக்கு ஒலிப்பதிவுப் பொறியோடு சென்றனர். அப்போது தோட்டத் தொழிலாளியாய் இருந்த மட்டி வாட்டர்சின் பாட்டை அவர் குடிலிலேயே பதிந்தனர். பாடியவன் வேலை, ஊர், அவன் யாரிடம் கற்றான் என்பன எல்லாம் வினவிக் குறிக்கப்பட்டன. ஆதலின் இன்றைய ஆராய்ச்சியாளன், பின்னர் நகரத்திற் புகழ்பெற்ற பாட்டையும் தோட்டத்து மூலத்தையும் அருகருகே வைத்துக் காணமுடிகிறது. எது பழையது, எது புதியது, கலைஞன் செய்த மாற்றம் யாது என ஐயமறக் கூறமுடிகிறது.

இளையராஜாவின் இசையைப் பற்றி அத்தகைய துணிபோடு கூறுதற்கு நமக்கு வேண்டுவது, ஏலமலைச் சாரலின் பாட்டு ஒலிவடிவில், பாடிய இடமும் வேலையும் குறிக்கப்பட்டு, கையில் இருத்தல். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த மலையருவி (1958) முதலாக நம் அறிஞர் செய்த தொகுப்புகள் பெருமைக்குரியன. ஆயினும் அச்சுநூல் பாட்டின் சொல்லைக் காக்கும் அளவிற்கு அதன் நீட்டலையும் குழைவையும் காத்தல் இயலாது. மூலம் கையில் இன்றி, இம்மெட்டு இம்மலையினது என்று கூறுவது ஆராய்ச்சியாகாது, ஊர்ப்பற்றாகவே முடியும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. மிசிசிப்பித் தோட்டப்பாட்டும் ஏலமலைத் தோட்டப்பாட்டும் ஒத்த துயரிற் பிறந்தன. முன்னது தனியன் பாட்டாகிக் கித்தாரைத் துணைகொண்டது. பின்னது கூட்டத்தின் பாட்டாகவே நின்றது. பாவலர் வரதராஜன் அக்கூட்டத்தின் பாட்டை வினாவாக்கினார். அவர் மேடையில் வளர்ந்த இளையராஜா, கித்தார்க் கல்வியாற் பலகுரலியைபைப் பெற்று, அதனைத் தமிழ் மெட்டிற்கு உரியதாக்கினார். அவர் மண்ணிசையை அவ்வாறே தந்தவரும் அல்லர். மேலையிசையை அவ்வாறே கொணர்ந்தவரும் அல்லர். கூட்டத்தின் பாட்டைக் கருவிகளின் கூட்டத்திற்கு மாற்றியவர் அவர்.

அவர்தம் திரைப்பாட்டை நாட்டுப்பாட்டிற்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் நீங்குதல் வேண்டும். அது நாட்டுப்பாட்டிற்கும் தீங்கு. இசையமைப்பாளரின் தனித்திறனை ஊரின் பொதுச்சொத்தாக்கி மறைத்தலால் அவர்க்கும் தீங்கு. போடிமெட்டுக்குக் காலையில் ஏறும் பெண்டிருள், தாயிடமும் பாட்டியிடமும் கேட்ட காயெடுப்புப் பாட்டை நினைவிற் கொண்டோர் முதியோராயிருப்பர். முதுகலை மாணவர் சிலர் இரண்டு பருவக்காலம் அவர்களோடு மலையேறி, சொல்லையும் மெட்டையும் வேலையையும் ஒருங்கே பதிந்து வருவராயின், அதன்பின் எழுதப்படும் திறனாய்வு இக்கட்டுரையினும் உறுதியான நிலத்தில் நின்று பேசும்.